முடி மாத்திரையும் சொந்தக்காரர் இல்லாத எண்ணும்

நான் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்த ஆய்வகத்தின் வாசலில் இப்போது ஒரு பலகை நிற்கிறது. ரோஜா நிறம். அதில் ஒரு பெண் ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்கவும் மனமில்லாமல் கீழே வைக்கவும் மனமில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறாள். 'தைராய்டும் நீர்க்கட்டியும்: இரண்டுக்கும் சேர்த்து ஒரே பரிசோதனை' என்று அவள் காலடியில் எழுதியிருக்கிறது. இந்த இரண்டும் ஒரே பெண்ணிடம் சேர்ந்து குடியிருக்கும் என்பதை நேற்றுக் காலையில்தான் கண்டுபிடித்துப் பலகை எழுதக் கொடுத்தது போல ஒரு தோரணை. அந்த இரண்டையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஒரு பெண் எட்டு மாதத்தில் நாலு தடவை இதே வாசலில் ஏறி இறங்கினாள். மூன்று தடவை 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்தோம். நாலாவது தடவை எண் சரியாக வந்தது. அது சரியாக இருக்க முடியாது என்று அவளை ஐந்தாவது தடவை வரவழைத்து அதையும் 'நார்மல்' ஆக்கினோம். இங்கே 'செய்தோம்' என்பதெல்லாம் எனக்கு நானே கொடுத்துக்கொண்ட மரியாதைப் பன்மை. செய்தது நான் ஒருத்திதான்.

ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. இப்போது அங்கே வேலை பார்க்கும் பெண்கள் இருவர் போன மாதம் வீட்டுக்கு வந்து, ஆய்வகப் பணியாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். "உங்க அனுபவத்தை எழுதுங்க மேடம். படிச்சா ஒரு பாசிட்டிவா இருக்கணும்." ரத்தப் பரிசோதனைக்காரியிடம் போய்ப் பாசிட்டிவ் கேட்கக் கூடாது என்று இவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என்னிடம் இருப்பது ஒரு தவறுதான். அதுவும் நல்ல முற்றிய தவறு. அதைத் தருகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா மதுரைப் பக்கமிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். நான் சுரங்கத்துக்காரர்களின் நகரியத்தில் எண் போட்ட பிளாக்கில், எண் போட்ட குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். டாக்டராக ஆசைப்பட்டேன், மதிப்பெண்கள் ஆசைப்படவில்லை. புதுச்சேரியில் இரண்டு வருடம் ஆய்வக நுட்பம் படித்துவிட்டு, நகரியத்தின் எல்லையைத் தாண்டியதும் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கிருந்து நகரவில்லை. இதை விசுவாசம் என்று பிரிவு உபசார விழாவில் சொன்னார்கள். சோம்பலுக்கு மேடையில் வேறு பெயர்.

ஆய்வகத்தின் தலைவர் டாக்டர் ராமபத்திரன். நோய்க்குறியியல் படித்தவர். நோயாளிகளை அவர் பார்த்ததில்லை. அவர்களுடைய ரத்தத்தைப் பார்த்திருக்கிறார். குரலை உயர்த்தாதவர். தரை துடைக்கும் பெண் முதல் முதலாளி வரை எல்லாருக்கும் 'நீங்க'தான். அவர் திட்டினால் கல்யாணப் பத்திரிகை போல இருக்கும். வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்து, மத்தியானம் சோறு தின்னும்போதுதான் சுருக்கென்று குத்தும். காலையில் வந்ததும் ட்யூப் தாங்கியின் மேல் கையை வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்பார். "பேர் யாரு? ட்யூப் எது? எடுத்த நேரம் என்ன?" நாலாவது கேள்வி கிடையாது. நாங்கள் நாலாவதாக ஏதாவது சொல்ல வாயெடுத்தால் கையை உயர்த்துவார். "நாம எண் சொல்றவங்கம்மா. கதை கேக்கறவங்க மாடியில இருக்காங்க."

அவர் வைத்திருந்த இன்னொரு சாதனம் தவறு நோட்டு. நீளமான, கோடு போட்ட நோட்டு. யார் எந்தத் தவறு செய்தாலும் அவரவர் கையெழுத்தில் அதில் எழுத வேண்டும். சேர்ந்த புதிதில் நான் எழுதிய முதல் வாக்கியம்: 'ட்யூப் உடைந்துவிட்டது.'

"தானாவா?" என்றார்.

"கை தவறிடுச்சு சார்."

"எங்க தவறிப் போச்சு? உங்ககிட்டதானே இருக்கு கை."

அடித்துவிட்டு 'நான் ட்யூபை உடைத்தேன்' என்று எழுத வைத்தார். தமிழில் ஒரு பெரிய வசதி உண்டு. பால் பொங்கிவிடும், சாவி தொலைந்துவிடும், தவறு நேர்ந்துவிடும். எல்லாம் தாமாகவே நடக்கும். நாம் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருப்போம். அந்தக் கதவைத்தான் அவர் அடைத்தார். 'தவறு நேர்ந்தது' என்று யாராவது எழுதிவிட்டால், "நேர்ந்ததுன்னா? வீட்டுக்கு வந்த விருந்தாளியா?" என்பார். எழுவாய் இல்லாத வாக்கியத்துக்கு அந்த நோட்டில் இடமில்லை.

தைராய்டு பரிசோதனை என் மேசை. ரத்தம் எடுத்து, சீட்டு ஒட்டி, உறைவதற்கு அரை மணி நேரம் நிறுத்தி, சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை மிஷினுக்குக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் எண் வரும். கழுத்துச் சுரப்பி சுணங்கச் சுணங்க ஏறும், டி.எஸ்.எச். என்ற அந்த எண் நாலரைக்குள் இருந்தால் 'நார்மல்' என்று என் கையால் எழுதுவேன். என் கையெழுத்தை மாடியில் எல்லாரும் மெச்சுவார்கள். மிஷின் வேலை செய்யும் நேரத்தில் நாவல் படிப்பேன். தடித்த நாவல்கள், மொழிபெயர்ப்புகள், பனி பொழியும் தேசத்துக் கதைகள். மிஷினுக்கான மருந்துப் பெட்டிக்குள் ஒவ்வொரு தடவையும் எட்டாக மடித்த ஒரு மெல்லிய தாள் வரும். அதையும் வீணாக்கவில்லை. என் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதன் அடியில் கொடுத்து வைத்திருந்தேன்.

மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் பெண்கள் மருத்துவர். மற்றதில் பொது மருத்துவர். கழுத்துக்குக் கீழே ஏதாவது என்றால் அவர், கழுத்தில் ஏதாவது என்றால் இவர். எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு பிளாக் எண் இருப்பது போல நோய்க்கும் ஒரு பிளாக், ஒரு வீடு, ஒரு கதவு என்று நாங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம். நோயாளிகளின் பேச்சும் அதற்கு ஏற்றபடிதான். "எனக்குத் தைராய்டு இருக்கு" என்பார்கள். தைராய்டு எல்லாருக்கும் இருக்கிறது, அம்மா. இல்லாவிட்டால் படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள். "எனக்கு நீர்க்கட்டி" என்பார்கள். அது கட்டியே அல்ல. மாதாமாதம் ஒன்று முற்றி வெளியே வரவேண்டிய முட்டைப் பைகள், முற்றாமல் வரிசையாக நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் கொத்தாகத் தெரிகின்றன. அவ்வளவுதான். 'கட்டி' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து வைத்துவிட்டதால் நாட்டில் பாதிப் பேர் அதைக் கரைக்கக் கொள்ளு அவித்துக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பாதிக்குத் தைராய்டு. அவர்கள் கொத்தமல்லித் தண்ணீர்.

தேன்மொழி வந்தது இந்த நம்பிக்கைகளுக்கு நடுவில். வளையமாதேவிப் பக்கம், சுரங்கத்துக்கு நிலம் போன வீட்டுப் பெண். இருபத்தாறு வயது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரிகளை எடை பார்த்து அனுப்பும் மேடையில் கான்ட்ராக்ட் வேலை. லாரி ஏறி நின்றதும் கணினியில் எடையைப் பதிந்து சீட்டு கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் நிரந்தரமாக இருந்தது அவளுடைய இந்த நிரந்தரமில்லாத வேலை ஒன்றுதான். மாதவிலக்கு ஒழுங்கில்லை, மோவாயில் முடி, தலையில் முடி இல்லை. பெண்கள் மருத்துவர் ஸ்கேன் பார்த்தார், எங்களிடம் ரத்தம் அனுப்பினார். ஆண் ஹார்மோன் கொஞ்சம் கூடுதல். டி.எஸ்.எச். நார்மல். நீர்க்கட்டி என்று எழுதி, மாத்திரை கொடுத்து, உடம்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார். மூன்று மாதம் கழித்து மறுபடி. மறுபடியும் நார்மல்.

மூன்றாவது தடவை வந்தபோது கத்திரி வெயில். அம்மாவும் கூட வந்திருந்தார்.

"ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா மேடம்? குளுருது" என்றாள் தேன்மொழி.

"பாருங்கம்மா," என்றார் அம்மா. "ஊரே வெந்துகினு கெடக்குது, இதுக்குக் குளுருதாம். சோறு துன்னாலும் தூங்குது, துன்னலன்னாலும் தூங்குது. கோழி கூட இதுக்கு முன்னாடி எழுந்துக்குது."

"அம்மா, கம்முனு இரு."

"நான் கம்முனுதான் இருக்கறன். உன் சூப்பர்வைசரு கம்முனு இருக்கறானா?"

நான் அவளைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே வீக்கம். குரல் கரகரத்துப் போயிருந்தது. ஊசி போடத் தடவிய கை, காய்ந்த தேங்காய் மட்டை மாதிரி சொரசொரத்தது. என் அனுபவத்துக்கு அந்த இடத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரியவும் செய்தது. மிஷின் 2.8 என்றது. கண்ணுக்கும் எண்ணுக்கும் சண்டை வந்தால் எண் பக்கம் நிற்பது என் மதம். 'நார்மல்' என்று எழுதிவிட்டு, எழுபத்தெட்டு கிலோ இருந்த நான் அவளிடம் சொன்னேன்: "உடம்பைக் கொஞ்சம் குறைம்மா. வாயைக் கட்டினா எல்லாம் சரியாயிடும்."

"வாயைக் கட்டித்தாங்க மேடம் இருக்கேன்" என்றாள். 

ஜூன் மாதத்தில் அது நடந்தது. காலை ஆறு மணி ஷிஃப்டில், எடை மேடையில் அவள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். ஒரு லாரி எடை போடாமல் போய்விட்டது. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் மணிவேல் அவளைக் கூப்பிட்டுச் சொன்னதை அவள் அப்படியே என்னிடம் சொன்னாள்: "டாக்டர்கிட்ட போய் ரிப்போர்ட் வாங்கிகினு வா. ஏதாச்சும் நோவு இருந்தா மூணு மாசம் ஜெனரல் ஷிஃப்ட் போட்டுத் தரேன், பத்து மணிக்கு வா. ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லன்னா அது நோவு இல்ல, கொழுப்பு. மாசக் கடைசியோட நின்னுக்க."

ஆக, அவள் வேலை என் மேசையில் வந்து நின்றது. நாலாவது தடவை ரத்தம் எடுத்தேன். அவள் போய்விட்டாள். நாவலில் யாரோ பனியில் நடந்துகொண்டிருந்தபோது மிஷின் எண்ணைத் தந்தது. 61.

அறுபத்தொன்று என்பது யாருடைய வயதாகவாவது இருக்கலாம். மூன்று தடவை 'நார்மல்' வந்த பெண்ணின் டி.எஸ்.எச். ஆக இருக்க முடியாது. அன்றைக்கு மொத்தம் பதினோரு தைராய்டு ட்யூப்கள். எங்கோ சீட்டை மாற்றி ஒட்டியிருக்கிறேன் என்று முடிவு செய்தேன். எண்ணின் மேல் பக்தி, ஆனால் எனக்குப் பிடித்த எண்ணின் மேல்தான். ரிப்போர்ட்டைக் கொடுக்காமல் நிறுத்தி, போன் செய்து அவளை மறுபடி வரச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து வந்தாள். 2.6. நிம்மதியாக மூச்சு விட்டேன். ரிப்போர்ட்டில் என் அழகான கையெழுத்தில் 'நார்மல்'. டாக்டர் ராமபத்திரன் அந்த வாரம் மகள் கல்யாணத்துக்காக விடுப்பு. ஆனாலும் நோட்டில் முறைப்படி எழுதினேன்: 'நான் தேன்மொழியின் ட்யூபில் வேறொருவரின் சீட்டை ஒட்டினேன்.' எழுவாய் முதல் சொல்லாக, கம்பீரமாக. எழுதிவிட்டுக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மணிவேல் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "பார்த்தியா, நான் சொன்னேன்ல, கொழுப்பு" என்றாராம்.

திங்கட்கிழமை டாக்டர் வந்தார். கல்யாண வீட்டு லட்டு இரண்டு கொடுத்தார். நோட்டைப் படித்தார். எப்போதும் கீழிருந்து மேலே படிப்பார். அதனால் என் வாக்கியம்தான் முதலில்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்கம்மா. அந்த இன்னொருத்தர் யாரு?"

"எந்த இன்னொருத்தர் சார்?"

"சீட்டு மாறிடுச்சுன்னா, அந்த அறுபத்தொண்ணு வேற யாருக்கோ சொந்தம். அவங்களுக்கு நாம நார்மல்னு எழுதிக் குடுத்திருப்போம். பாவம், அவங்க வீட்ல யாராவது தேடிக்கிட்டு இருப்பாங்க. கண்டுபிடிச்சுக் குடுத்துடலாமே."

வாயில் இருந்த லட்டு அங்கேயே நின்றது. இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. பரிசோதித்த ரத்தநீரை ஒரு வாரம் குளிர்பெட்டியில் வைத்திருப்பது வழக்கம். பதினோரு ட்யூப்களையும் எடுத்து மறுபடி மிஷினுக்குக் கொடுத்தேன். பத்துப் பேருக்கும் அன்று வந்த எண்ணே வந்தது. பத்துப் பேரின் பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் பார்த்தேன், எல்லாம் பொருந்தின. பதினொன்றாவது 60. அந்த எண்ணுக்கு வேறு வீடே இல்லை. சீட்டு மாறவே இல்லை. செய்யாத தவறை, எழுவாயோடு, என் கைப்பட ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

"ரெண்டே நாள்ல அறுபத்தொண்ணு ரெண்டரை ஆகுமா சார்?"

"உடம்புல ஆகாது. நம்ம மிஷின்ல ஆகியிருக்கு. நடுவுல அந்தப் பொண்ணு என்ன பண்ணாங்கன்னு கேளுங்க."

"கதை கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார்..."

"ஆமாம்மா. முப்பது வருஷமா சொன்னேன். எவ்வளவு முட்டாள்தனம் பாருங்க," என்றார். குரல் உயரவில்லை. ஆனால் அவரே தன்னைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

மறுநாள் மத்தியானம் ஷிஃப்ட் முடிந்ததும் தேன்மொழியை வரச் சொன்னேன். மேலெல்லாம் சாம்பல் படிய வந்து உட்கார்ந்தாள்.

"போன வாரம் ரெண்டு தடவை வந்தியே, முதல் தடவை எங்கேர்ந்து வந்த?"

"முத்தாண்டிக்குப்பத்துலேர்ந்துங்க. அத்தை வூட்ல காது குத்து. லீவு போட்டுட்டு நாலு நாளு அங்கதான் இருந்தேன்."

"ரெண்டு நாள் கழிச்சு?"

"எங்க வூட்லேர்ந்து."

"காலையில என்ன சாப்பிட்ட?"

அவளுக்குக் கோபம் வந்தது. "எத்தினி தடவதான் சொல்றது மேடம்? எப்பவும் வெறும் வயித்துலதான் வரேன். நீங்க சொன்னீங்கன்னு டீ கூடக் குடிக்கறதில்ல. மாத்திரைக்குத் தண்ணி குடிக்கறதோட சரி."

"எந்த மாத்திரைக்கு?"

"மாத்திரை இல்லீங்க அது. முடி மாத்திரை."

"மாத்திரை இல்லாத மாத்திரையா?"

"மருந்து மாத்திரை இல்ல மேடம், சத்து மாத்திரை. முடி கொட்டுதுன்னு பார்லர் அக்கா குடுத்துச்சு. காலையில வெறும் வயித்துல போடணும்னு சொல்லிச்சு. காது குத்துக்குப் போறப்ப எடுத்துகினு போக மறந்துட்டேன்."

"மாடியில டாக்டர்கிட்ட இதைச் சொன்னியா?"

"என்ன மருந்து சாப்புடுறன்னு கேட்டாங்க. இது மருந்து இல்லியே."

அதில் தப்பு சொல்ல என்னால் முடியவில்லை. நம் ஜனங்களின் கணக்கில் சாப்பாடு வேறு, மருந்து வேறு, சத்து வேறு. சாப்பிட்டீர்களா என்று கேட்டால் சாப்பாட்டுக்குப் பதில் வரும். மருந்து என்று கேட்டால் மருந்துக்குப் பதில் வரும். சத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதனால் அது வெறும் வயிற்றில் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. தைராய்டு சோதனைக்கு வெறும் வயிறே தேவையில்லை. ஆனாலும் எல்லாரையும் அப்படியே வரச் சொல்வது எங்கள் வழக்கம். கேள்வி கேட்காமல் சொல்ல வசதியான வாக்கியம் அது. அவள் இரண்டு பேர் சொன்னதையும் கேட்டாள். பார்லர்காரி சொன்னபடி வெறும் வயிற்றில் மாத்திரை, நான் சொன்னபடி வெறும் வயிற்றில் ரத்தம். இவ்வளவு கீழ்ப்படிந்த நோயாளியை நான் பார்த்ததில்லை.

டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். பயோட்டின் என்ற வைட்டமின், பெரிய அளவில். டாக்டர் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, மருந்துப் பெட்டியோடு வரும் தாள் எங்கே என்று கேட்டார். நான் எழுந்து, நாற்காலியைச் சாய்த்து, அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் தூசியைத் தட்டிவிட்டு, எட்டு மடிப்பையும் பிரித்து, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஒரு வரியை எனக்குக் காட்டினார். இந்த வைட்டமினை அதிகமாக எடுப்பவர்களுக்கு எண் தவறாக வரும் என்று போட்டிருந்தது. உலகத்து நாவல்களையெல்லாம் படித்தவள் நான். சொந்த மிஷினின் தாளைப் படிக்கவில்லை.

விஷயம் எளிது. மிஷினுக்குள் சில இருக்கைகள் உண்டு. டி.எஸ்.எச். போய் அவற்றில் உட்கார்ந்தால்தான் மிஷின் தலை எண்ணும். உட்கார வைக்கும் கொக்கி இதே பயோட்டின்தான். ரத்தத்தில் ஏற்கெனவே மாத்திரையின் பயோட்டின் நிறைந்திருந்தால், அது முன்னாலேயே ஏறி, கடலூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவது போல எல்லா இருக்கையிலும் துண்டு போட்டுவிடும். டி.எஸ்.எச். நிற்கும், நிற்பவர்களைக் கழுவி இறக்கிவிட்டு, உட்கார்ந்தவர்களை மட்டும் மிஷின் எண்ணும். கூட்டமே இல்லை, நார்மல்.

டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு நாலு நாள் கழித்து ரத்தம் எடுத்தோம். 64. தைராய்டு ஹார்மோன் அடிமட்டத்தில். எதிர்ப்பணுச் சோதனைக்குச் சென்னைக்கு அனுப்பினோம். அது எகிறிப்போய் வந்தது. உடம்பின் காவல்காரனே கழுத்துச் சுரப்பியைத் திருடன் என்று நினைத்து அடித்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம்.

மாடியில் இதைச் சொன்னதும் பெண்கள் மருத்துவர், "அப்ப நீர்க்கட்டி இல்லை, எல்லாம் தைராய்டு. இனி அந்த ரூமுக்கு அனுப்புங்க" என்றார். அந்த ரூம்காரர், "தைராய்டுக்கு நான் தரேன். மத்ததெல்லாம் அவங்க டிபார்ட்மென்ட்" என்றார். ஒரு பெண்ணை இடுப்புக்கும் கழுத்துக்கும் நடுவில் சர்வே கல் நட்டுப் பிரித்துக்கொள்ளும் அழகை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதுவரை மாடி ஏறாத டாக்டர் ராமபத்திரன் அன்று ஏறினார். இரண்டு பேரின் காகிதங்களையும் ஒரே மேசையில் பரப்பினார்.

"மாத்திரையை நிறுத்தி எடுத்த ரத்தத்துலயும் ஆண் ஹார்மோன் கூடுதல்தான், அது பொய்யில்லை. தைராய்டு தேய்ஞ்சதும் பொய்யில்லை. இந்தப் பொண்ணுக்கு ரெண்டும் இருக்கு. நீர்க்கட்டி இருக்கற பெண்கள்ல மத்தவங்களைவிட அதிகம் பேருக்கு இந்த எதிர்ப்பணு இருக்குன்னு பார்த்திருக்காங்க. ஏன்னு கேட்டா இன்னும் யாருக்கும் தெளிவாத் தெரியாது. ஒண்ணோட அடையாளத்தை இன்னொண்ணு போர்த்திக்கும். எடை, முடி, மாதவிலக்கு எல்லாம் ரெண்டுக்கும் பொது. நீர்க்கட்டின்னு எழுதறதுக்கு முன்னாடி தைராய்டு இல்லைன்னு உறுதி பண்ணணும், நீங்க ஒழுங்காப் பண்ணீங்க. இல்லைன்னு பொய் சொன்னது என் லேப். அதுக்காக இப்ப ஒண்ணை அழிச்சிட்டு ஒண்ணை எழுதாதீங்க."

இருவரும் ஒத்துக்கொண்டார்கள். 'நாங்களும் அதைத்தான் சொன்னோம்' என்றும் சொன்னார்கள்.

கீழே வந்து நோட்டில் எழுதினேன். 'மேலே உள்ள தவறைச் செய்யவில்லை. தாளைப் படிக்காததும், என்ன மாத்திரை என்று கேட்காததும், கண்ணால் பார்த்ததை நம்பாததுமே தவறுகள்.' டாக்டர் படித்துவிட்டு நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "யாரும்மா இதெல்லாம் பண்ணது?" என்றார். மூன்று இடத்திலும் 'நான்' சேர்த்தேன்.

ஆனால் மாசக் கடைசிக்கு நாலு நாள்தான் இருந்தது. தேன்மொழி புது ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அவரு நம்ப மாட்டாரு மேடம். நாலு பேப்பர்ல நார்மல், ஒண்ணுல மட்டும் இப்படி. லேப்ல ஆளைப் புடிச்சு எழுதி வாங்கிகினு வந்துட்டன்னுவாரு."

அவர் அப்படித்தான் சொல்வார். தேர்தலில் நாலுக்கு ஒன்று தோற்றுப்போகும். அவளை ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு எடை மேடைக்குப் போனேன். மணிவேல் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். ஐந்து காகிதத்தையும் சீட்டு மாதிரி விரித்தார்.

"இன்னா மேடம், நாலு ஒரு மாதிரி இருக்குது, ஒண்ணு ஒரு மாதிரி இருக்குது. எது கரெக்ட்டு?"

"கடைசி ஒண்ணுதான் கரெக்ட். மத்த நாலும் தப்பு."

"யாரு எழுதனது அத?"

"நான்தான்."

"கரெக்ட்டா எழுதனது?"

"அதுவும் நான்தான்."

அவர் தேன்மொழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அரசாங்கத்திலோ தனியாரிலோ இவ்வளவு வெட்கமில்லாத ஊழியர் யாரையும் அவர் இதற்கு முன் சந்தித்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவருக்குத் தப்புப் பண்ணிய ஆள்தான் பழக்கம். தப்பைச் சொல்ல லீவு போட்டுவிட்டு வரும் ஆள் பழக்கமில்லை. நான் முடி மாத்திரைக் கதையை முழுக்கச் சொன்னேன். துண்டு போட்ட கதையையும் சொன்னேன். கடைசியில், இவள் தூங்கியது திமிரில் அல்ல, இந்த உடம்போடு எட்டு மாதம் காலை ஆறு மணிக்கு வந்து நின்றதுதான் திமிர் என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். உள்ளே அதிகம் இல்லை.

"அந்த மாத்திரை பேரு இன்னா சொன்னீங்க மேடம்? முடி வளருதா அதுல?"

தேன்மொழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எட்டு மாதத்தில் அவள் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். முதுகு குலுங்கியதைத்தான் பார்த்தேன். வளரவில்லை என்று சொன்னேன். அவர் வருத்தப்பட்டார். பிறகு ஒரு காகிதத்தில் மூன்று மாதம் ஜெனரல் ஷிஃப்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "மூணே மாசம்தான். அப்புறமும் தூங்கினா நான் பொறுப்பில்ல."

மூன்று மாதத்தில் டி.எஸ்.எச். ஆறுக்கு இறங்கியது, மாத்திரையின் அளவைக் கூட்டியதும் நாலரைக்குள் வந்தது. வீக்கம் வடிந்தது, குரல் தெளிந்தது, ஃபேன் காற்று பிடிக்க ஆரம்பித்தது. மாதவிலக்கு முன்னைவிடப் பரவாயில்லை, நீர்க்கட்டி போகவில்லை. அதற்கு ஒரு மாத்திரை, இதற்கு ஒரு மாத்திரை, இரண்டும் இன்றைக்கும் ஓடுகின்றன. இரண்டு மருத்துவர்களும் அவளுடைய ஒரே நோட்டில் எழுதுகிறார்கள், மனமில்லாமல். தேன்மொழி பழையபடி காலை ஆறு மணி ஷிஃப்டுக்குத் திரும்பினாள்.

அதற்கு அடுத்த மாதம் மணிவேல் ஆய்வகத்துக்கு வந்தார், சர்க்கரை பார்க்க. கையை நீட்டி உட்கார்ந்துகொண்டு, நான் கேட்காமலே பேசினார்.

"அந்தப் பொண்ணை இன்னா மேடம் பண்ணீங்க? லாரி ஏறி நிக்கறதுக்குள்ள எடையைச் சொல்லுது. சக்கரத்தைப் பார்த்தே ஓவர் லோடுங்குது. நேத்து என் மச்சான் லாரியைத் திருப்பி அனுப்பிடுச்சு, எறக்கிட்டு வான்னு. நானே போய்ச் சொன்னேன், நம்ம வண்டிம்மான்னு. மெஷினுக்கு அது தெரியாதுங்க சார்னு சொல்லுது." பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போய், கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு புகார் மாதிரி சொன்னார்.

"அது தூங்கிக்கினு இருந்தப்பவே தேவலாம் மேடம்."